ஸ்டீகர் வீட்டு சென்ஸியின் பதினாறாவது இடம்

ஹின்டர்பாக் பள்ளத்தாக்கில் குடும்பப் பெயரை யாரும் மதிப்பதில்லை. வீட்டுப் பெயர்தான் பெயர். ரேடியோவில் 'கிரெசென்ஸ் லாங்கெகர்' என்று சொன்னால், யாரோ வியன்னாக்காரி போலிருக்கிறது என்று சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பார்கள். 'ஸ்டீகர் வீட்டு சென்ஸி' என்று சொல்லிப் பாருங்கள், கரண்டி கீழே விழும். அவ்வளவு பாசம். அந்தப் பாசம்தான் ஒருநாள் அவளைக் கவிழ்த்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாலு வயதில் ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டினாள். பதினாறு வயதில் நாட்டின் அணியில் சேர்ந்தாள். அப்புறம் பத்து வருடம் குளிர்காலம் முழுக்க வெளியூர், வெளிநாடு. கோடை முழுக்க வீட்டு மேட்டில் புல் அறுப்பு. சேர்ந்த வருடமே, பதினாறில், இடது கால் உடைந்தது. பட்ட காலிலேயே படும் என்பது சும்மா சொன்னதில்லை, இருபத்தொன்றில் அதே கால் அதே இடத்தில் மறுபடி உடைந்தது. இரண்டு தடவையும் எழுந்து வந்தாள். அவள் எட்டிய பெரிய இடம் நாலாவது இடம், பிரான்ஸில் ஏதோ ஓர் ஊரில். மூன்றாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு நொடியை நூறாக வெட்டினால் அதில் எட்டுத் துண்டுதான் வித்தியாசம்.

அன்றைக்கு ஊர் மதுக்கடையில் அவளுடைய தாய்மாமா கோர்பினியன் கேட்டார், "அந்த எட்டுத் துண்டுன்னா எவ்வளவு நேரம்மா அது?"

"கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட இல்ல மாமா."

"அப்போ கண்ணை மூடாம வந்திருக்கலாம்ல!"

கடையே சிரித்தது. சென்ஸியும் சிரித்தாள். கோர்பினியன் மாமா இப்படிப் பேசுவாரே தவிர, அந்த நாலாவது இடம் வந்த செய்தித்தாளை மடித்து மடித்து நாலு வருடம் சட்டைப் பையிலேயே வைத்திருந்த மனுஷன்.

இருபத்தாறு வயது ஆனபோது அணியில் எல்லாரும் பதினேழு, பதினெட்டு. வேனில் ஏறினால் சென்ஸியை 'அத்தை' என்று கூப்பிட்டார்கள், கழுதைகள். பயிற்சியாளர் உல்மர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே கோட்டுப் போட்டவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் கடைசியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க பாரு சென்ஸி. சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. அடுத்த ஸ்லாலம் பந்தயத்துல முதல் பதினஞ்சு பேருக்குள்ள வா. அவங்களுக்குத்தான் புள்ளி. வந்தா உலகப் போட்டிக்கு உன் பேர் போகும்."

"வரலைன்னா?"

"அணியிலேருந்தே பேர் போயிடும்."

சென்ஸிக்கு வேறு தொழில் தெரியாது. தெரியாது என்பதைவிட, வேண்டாம். புல் அறுக்கும்போதுகூட இரண்டு முழங்காலையும் மடக்கி, மேட்டில் வளைந்து வளைந்து இறங்கியபடிதான் அறுப்பாள். அவளுடைய ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் ஃபெர்டல் அடிக்கடி சொல்வான், "மகாராணி, உன்னைச் சவப்பெட்டியில வெச்சாலும் ஸ்கீ ஓரத்தைத் தீட்டித்தான் வைக்கணும், இல்லைன்னா எழுந்து வந்து திட்டுவ." அணி இல்லாமல் தான் யார் என்று அவள் யோசித்ததே இல்லை. அந்த இரவு யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த பந்தயம் பவேரியாவில் நடப்பதாக இருந்தது. அங்கே மழை கொட்டி, பனி முழுக்கக் கரைந்து, புல் தெரிந்தது. எங்கே பனி இருக்கிறது என்று தேடி அலைந்தவர்கள் கடைசியில் ஹின்டர்பாக்குக்குப் போன் போட்டார்கள். ஐந்து நாளில் பந்தயம்! பந்தயப் பாதை எது தெரியுமா? ஸ்டீகர் வீட்டுப் புல்மேடு. சென்ஸி பிறந்து வளர்ந்து அறுத்த மேடு.

ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாதிரியார் முதல் பால்காரர் வரை எல்லாரும் ஸ்கீ மாட்டிக்கொண்டு, தோளோடு தோள் நின்று, படி படியாக அந்த மேட்டை மிதித்து இறுக்கினார்கள். தீயணைப்புப் படை வந்து தண்ணீர் அடித்து உறைய வைத்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "ஒன், டூ, ஒன், டூ" என்று மூன்று நாள் தொண்டையைத் தயார் செய்தார். சென்ஸி ஜெயிப்பாளா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை நொடியில் ஜெயிப்பாள் என்றுதான் பேச்சு.

அந்த மேட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நடுச் சரிவில் ஒரு புல் கொட்டகை. கொட்டகைக்குச் சற்று மேலே காளைத் திமில்போல ஒரு புடைப்பு. திமிலின் மேலிருந்து வருகிறவருக்கு அப்பால் என்ன என்று தெரியாது. அதனால் ஊரில் ஒரு வழக்கம்: யாராவது ஒருவர் திமிலருகே நின்று, திரும்ப வேண்டிய இடம் வந்ததும் "ஹோப்!" என்று கத்துவார். கேட்டதும் இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கொட்டகைச் சுவரில் மூக்கு. ஊர்க் குழந்தைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்குத் திரும்பித்தான் வளர்ந்தார்கள். கோர்பினியன் மாமாவைப்போல் 'ஹோப்' கத்த ஆளே கிடையாது. எதிர் மலையில் ஆடு திரும்பிப் பார்க்கும்.

பந்தயத்தன்று காலை சென்ஸி, பன்றி இறைச்சித் துண்டும் கறுப்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு மெல்ல முடியாமல் மென்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா அகதா, முட்டி வலியில் முனகியபடி ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது வந்து பாரேன்மா. நம்ம மேட்டுலதான் ஓடறேன்."

"நான் பாத்தா உன் கால் உடையும். எனக்குக் கொட்டில்ல வேலை இருக்கு."

"பத்து வருஷமா அதே வேலைதான்."

"மாடும் பத்து வருஷமா அதே இடத்துலதான் சாணி போடுது."

முதல் தடவை கால் உடைந்த பந்தயத்தை அகதா நேரில் பார்த்தவள். அப்போது போட்ட சபதம்தான். பந்தய நாளென்றால் இடிமழையில் காவலுக்கு ஏற்றும் கறுப்பு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விடுவாள். பந்தயம் எந்த ஊரில் நடந்தாலும் அப்படித்தான். இன்றைக்கு ஒரே வித்தியாசம், ஒலிபெருக்கிச் சத்தம் கொட்டில்வரை கேட்கும்.

ஸ்லாலத்தில் இரண்டு ஓட்டம், இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் இடம். இரண்டிரண்டு கம்புகளாக நட்டு வைத்த வாசல்கள் ஒவ்வொன்றிலும் நுழைந்து இறங்க வேண்டும். முதல் ஓட்டத்தில் சென்ஸி பறந்தாள். திமிலுக்கு வந்தாள். மாமா "ஹோப்!" என்றார், கூடவே முந்நூறு பேர் "ஹோப்!" என்றார்கள், அவள் கால் இடது பக்கம் திரும்பியது, வாசல் அங்கேயே இருந்தது. ஒன்பதாவது இடம்! மதுக்கடைக்காரர் அங்கேயே எல்லாருக்கும் ஒரு சுற்று இலவசமாக ஊற்றினார். மனுஷன் தன் கல்யாணத்தில்கூட ஊற்றியதில்லை.

இரண்டாவது ஓட்டத்துக்குக் கம்புகளைப் பிடுங்கி வேறு மாதிரி நடுவார்கள். அதுதான் விதி. இந்தத் தடவை நட்டவர் ஓர் இத்தாலிக்காரர். கொட்டகைக்கு இடது பக்கம் இருந்த வாசலை எடுத்துவிட்டு, வலது பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே வைத்துவிட்டார். சென்ஸி நடந்து போய்ப் பார்த்தாள். மேலே வந்து கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை மீன்போல வளைத்து வளைத்துப் பாதை முழுக்க மனப்பாடம் செய்தாள்.

"கொட்டகைகிட்ட?" ஃபெர்டல் கேட்டான்.

"வலது."

"இன்னொரு தடவை."

"வலதுடா எருமை!"

எல்லாம் சரிதான். கோர்பினியன் மாமாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்ஸி கிளம்பினாள். மேலே பாதி வழி, அவள் வாழ்க்கையில் ஓடாத ஓட்டம். திமிலுக்கு வந்தாள். மனசுக்குள் வலது, வலது. மாமா ஒரு கையில் சாராயக் குப்பி, ஒரு கையில் டிரான்சிஸ்டர், தொண்டை நரம்பு புடைக்க, இருபத்திரண்டு வருடமாகக் கத்துகிற அதே இடத்தில், "ஹோ...ப்!" அவரோடு ஊரே, "ஹோப்!"

அவளுடைய கால் அவளைக் கேட்கவில்லை. இடது பக்கம் திரும்பிவிட்டது.

வாசல் வலது பக்கம் போய்விட்டது. அவள் பிரேக் அடிக்கப் பார்த்து, பனிக்கட்டியில் சறுக்கி, பத்துப் பதினைந்து மீட்டர் கீழே போய், ஒரு பனிக் குவியலில் இடுப்புவரை புதைந்து நின்றாள். ஒலிபெருக்கியில் வாத்தியார், "சென்ஸி... ஐயோ! சென்ஸி வாசலைத் தவற விட்டுவிட்டாள்... நிற்கிறாள்... நின்றுவிட்டாள்..." என்று சொல்லிவிட்டு மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

முந்நூறு பேர் வாயில் ஈ போனாலும் தெரியாது. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது, யார் கத்தியதால் அவள் திரும்பினாள் என்று.

திரும்பி ஏறிப் போய் அந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டு இறங்கினால் ஓட்டம் செல்லும். ஆனால் வேறு யாருடைய விரல் பட்டாலும் தள்ளுபடி. சென்ஸி வாயில் இருந்த பனியைத் துப்பினாள், இங்கே எழுதக் கூடாத ஒரு வார்த்தையும் சொன்னாள், ஸ்கீயைப் பக்கவாட்டில் வைத்து ஏற ஆரம்பித்தாள். ஒரு படி. இரண்டு படி. கீழே நின்றவர்களுக்குக் கை பரபரத்தது. பின்னாலிருந்து ஒரு தள்ளு கொடுத்தால் போதும்!

"எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்!" கோர்பினியன் மாமா இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை மறித்து நின்றார். அழுதுகொண்டே நின்றார். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சிலர் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி நசுக்கிக்கொண்டார்கள், ராசிக்கு. அவள் ஏறி, நுழைந்து, மறுபடி இறங்கிப் போனாள்.

முடிவுக் கோட்டில் பலகையைப் பார்த்தாள். கடைசி. இனி வருகிறவர்கள் எல்லாரும் அவளைவிட முந்தித்தான் வருவார்கள். வந்து சேர்ந்தால்!

அங்கேதான் ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தது. மதியத்துக்கு மேல் வெதுவெதுப்பாகக் காற்று அடித்து, பாதையெல்லாம் குழி விழுந்துவிட்டது. ஈரப் பனியும் கொட்ட ஆரம்பித்தது. ஒருத்தி விழுந்தாள். அடுத்தவள் கம்பில் மாட்டிக்கொண்டாள். அதற்கடுத்தவள் விழுந்தாள். ஃபெர்டல் கையுறையைக் கழற்றிவிட்டு விரல் விட்டு எண்ணினான்.

"மகாராணி, இதுவரைக்கும் வந்து சேந்தது உன்னோட பத்துப் பேர். மேல இன்னும் இருபத்தொண்ணு."

"பேசாம இரு."

விழு, விழு என்று சென்ஸி மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தன்னோடு ஒரே அறையில் தூங்கிய பெண்ணையும் அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுவிட்டு அடுத்தவளையும் சொன்னாள். சீக்காளி மாட்டைப் பார்ப்பதுபோல் மேட்டையே பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு, பதினைந்து என்று ஏறியது. அதில் கடைசி, பதினைந்தாவது, சென்ஸி. மேலே மிச்சம் ஒரே ஒருத்தி. லண்டன் பெண், பெயர் பிலிப்பா. அங்கே மலையும் இல்லை, பனியும் இல்லை. எதில் பழகினாளோ தெரியாது.

உல்மர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் பட்டியல், காதில் பென்சில்.

திமிலருகே நின்ற வாத்தியார் ஒலிபெருக்கியில் சொன்னார், "பிலிப்பா... திமிலுக்கு வந்துவிட்டாள்... அட! வாசலைத் தவற விட்டுவிட்டாள்! நிற்கிறாள்!"

ஃபெர்டல் சென்ஸியின் தோளைப் பிடித்து நசுக்கினான். உல்மர் பென்சிலை எடுத்துவிட்டார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மேகம் இறங்கி மறைத்ததால் கீழிருந்து ஒன்றும் தெரியவில்லை. சென்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். பத்து வருடத்தில் அவ்வளவு ஆசையாக அவள் எதையும் கேட்டதில்லை.

"ஏறுகிறாள்," என்றார் வாத்தியார். குரலில் சந்தோஷமே இல்லை. "ஏறுகிறாள். நுழைந்துவிட்டாள்."

அந்தப் பெண் வாசலுக்கு இரண்டே மீட்டர் கீழேதான் நின்றிருக்கிறாள். நாலு எட்டில் ஏறிவிட்டாள். ஒரு கம்பு பாக்கி விடாமல் இடித்துக்கொண்டு, முடிவுக் கோட்டைத் தாண்டி மல்லாந்து விழுந்தாள். பலகை மாறியது. பிலிப்பா பதினைந்து. கிரெசென்ஸ் லாங்கெகர் பதினாறு. இரண்டு ஓட்டமும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு நொடிதான் வித்தியாசம்.

"ஒரு இடம், சென்ஸி," என்றார் உல்மர். "ஒரே ஒரு இடம்." பென்சிலைக் காதில் திரும்பச் செருகிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிலிப்பா எழுந்து வந்து, யார் எவர் என்று தெரியாமல், சென்ஸியைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வாழ்க்கையில் முதல் புள்ளி. அரைகுறை பாஷையில் கொட்டினாள். "நான் நின்னாச்சு! வீட்டுக்குப் போகலாம்னு நின்னாச்சு! எல்லாரும் சும்மா பாத்துக்கிட்டு. அப்போ ஒரு அம்மா வந்தாங்க. ரப்பர் பூட்ஸ், கையில சாணி வாரி! ஒரே திட்டு! ஏறுடி, ஏறுடின்னு, மாட்டை விரட்டற மாதிரி! பயத்துல ஏறிட்டேன்!"

அந்த அம்மா யார் என்று சென்ஸிக்குப் புரிந்தது. திரும்பி மேட்டைப் பார்த்தாள்.

மாமா மேட்டிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "சென்ஸிம்மா, அக்கா வந்துக்கிட்டிருக்கா. அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நீ நின்னுட்டன்னு ஸ்பீக்கர்ல கேட்டிருக்கா. கேட்ட நிமிஷமே வாரியும் கையுமா காட்டு வழியில கெளம்பிட்டா. அப்புறம் நீ ஏறினது எதுவும் அவ காதுல விழல. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் ஏறியிருக்கா. கண்ணாடி பூரா பனி. வந்து பாத்தா வாசலுக்குக் கீழ ஒரு பொண்ணு நிக்கறா. நீதான்னு நெனச்சுட்டா."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே மாமா!"

"'அக்கா, அது வந்து'ன்னேன். 'வாயை மூடுடா, புள்ள நிக்கறா, வேடிக்கையா பாக்கறீங்க'ன்னா. என்னத்தைச் சொல்ல? நாங்க முந்நூறு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நின்னோம், அந்தப் பொண்ணு அப்படியே போயிடட்டும்னு. எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருந்தது." மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் அது நீதான்னே நெனச்சுக்கிட்டிருக்கா."

கூட்டம் விலகியது. அகதா வந்தாள். தலைத்துணி அவிழ்ந்து, முழங்கால்வரை பனி அப்பி, இன்னும் வாரியைக் கீழே போடாமல் வந்தாள். சென்ஸிக்குக் கத்த வேண்டும்போலிருந்தது. பத்து வருஷமா வராத மனுஷி, இன்னிக்குத்தான் வரணுமா? உல்மர், ஃபெர்டல், மாமா, ஊர் முழுக்க அவள் வாயையே பார்த்தது.

"கேட்டுதா?" என்றாள் அகதா. "ஏறுன்னு கத்தினேனே, கேட்டுதா உனக்கு?"

பனி அப்பிய அந்தக் கண்ணாடி வழியாக அம்மாவுக்கு எதிரே நிற்கும் மகளே சரியாகத் தெரியுமா என்பது சந்தேகம்.

"கேட்டுதும்மா," என்றாள் சென்ஸி. "நீ சொல்லித்தான் ஏறினேன்."

"பின்ன! இந்தத் தடிமாடுங்க ஒருத்தனாவது வாயைத் திறந்தானா?" அகதா மாமாவை முறைத்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். "சரி, பேர் போகுதா உலகப் போட்டிக்கு?"

"இல்லம்மா. பதினாறாவது. இனிமே அணியிலயும் இல்ல."

"ஏறியுமா?"

"ஏறியும்தான்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பத்து வருட அழுகை. அம்மாவின் தோளில், சாணி வாசனைக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். அகதா வாரியைக் கடைசியில் பனியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதடி," என்றாள். "எவன் பேரை எடுத்தா என்ன? நீ ஏறினதை நான் பாத்தேன்ல."